எண்ணூறு அடித் தண்ணீர்

செவந்தி சுவிட்சைப் போட்டுவிட்டுக் குழாயின் வாயைப் பார்த்தபடி நின்றாள். குழாய் இரண்டு முறை காற்றைத் துப்பியது. மூன்றாவது தடவை எண்ணூறு அடி ஆழத்துத் தண்ணீர் தரைத்தொட்டிக்குள் விழுந்து நுரைத்தது. குளத்தூர் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பதினோரு வருடமாக அவள்தான் டேங்க் ஆப்பரேட்டர். காலையில் இரண்டு மணி நேரம் அந்த மோட்டார் அறைதான் அவளுக்கு உட்காரும் இடம்.

அன்று அவளுடன் சுடர்விழியும் இருந்தாள். திருச்சியில் ஆராய்ச்சிப் படிப்பு படிக்கும் பெண். டிபன் பாக்ஸ் அளவுள்ள கருவியை வாசலில் வைத்து அரைமணி நேரம் காத்திருந்து ஓர் எண்ணைக் குறித்துக்கொண்டாள். பிறகு அதை அறைக்குள் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். வெளியே பதினெட்டு காட்டிய கருவி, உள்ளே நூறைத் தாண்டி, முந்நூறைத் தாண்டி ஏறிக்கொண்டே போனது.

"என்ன டீச்சர் இது, கூடிக்கிட்டே போவுது?"

"கீழ இருக்க பாறையில கொஞ்சம் யுரேனியம் இருக்குக்கா. அது ஒடஞ்சு ஒடஞ்சு ரேடான்னு ஒரு வாயுவா ஆகும். தண்ணியில கரைஞ்சு மேல வருது. தண்ணி இப்புடிக் குதிச்சு விழும்போது காத்துல கலந்துருது."

செவந்தி மூச்சை இழுத்துப் பார்த்தாள். பாசி வாடையைத் தவிர வேறொன்றும் இல்லை. நுரைக்கு மேலே உள்ளங்கையை விரித்தாள். ஈரச் சில்லிப்பு மட்டும் பட்டது.

"கண்ணுக்குத் தெரியாதா?"

"தெரியாது. வாசமும் இல்ல."

"எத்தன நாளா இப்புடி வருது?"

"பாறை உண்டான நாள்லேருந்து. கோடிக்கணக்கான வருசமா ஒடஞ்சுக்கிட்டேதான் இருக்கு. நீங்க மோட்டார் போடுறப்ப கொஞ்சம் மேல வருது."

செவந்தி, தினமும் தான் குனிந்து முகம் கழுவிய தொட்டியைப் பார்த்தாள். கருப்பாக, அசையாமல், செத்துக் கிடப்பதாக அவள் நினைத்திருந்த பாறை கீழே ஓயாமல் ஏதோ செய்துகொண்டிருந்திருக்கிறது.

"புடிச்சு வச்சு ஆறவிட்டா போயிருமா?"

"ரேடான் போயிரும். நாலு நாளைக்கு ஒருக்கா பாதி பாதியா கொறையும். இந்த ரூம்ல ஜன்னலத் தொறந்து வைங்க, அதுவே போதும். ஆனா தண்ணியில யுரேனியமும் இருந்தா அது போகாது. காய்ச்சுனா தண்ணிதான் வத்தும், அது அப்புடியே தங்கிரும்." சுடர்விழி சோதனைக்காக இரண்டு பாட்டில்களில் தண்ணீர் பிடித்துக்கொண்டாள்.

ஒரு மாதம் கழித்து முடிவு வந்தது. யுரேனியம், அனுமதித்த அளவைப்போல மூன்று மடங்கு. ஊராட்சிச் செயலர் கோபிநாத் ஆள் வைத்து, அந்தத் தண்ணீர் போகும் கிழக்குத்தெருக் குழாய்களில் சிவப்புப் பெயிண்டால் 'குடிக்க உகந்தது அல்ல' என்று எழுதினார். மற்ற நான்கு தெருக்களுக்கும் ஏற்கெனவே காவிரித் தண்ணீர்தான் வந்துகொண்டிருந்தது. கிழக்குத்தெருவுக்கும் காவிரிக் குழாய் போட மேலே எழுதிக் கேட்டிருப்பதாகச் சொன்னார்கள். ஒரு வாரம் டேங்கர் லாரி வந்தது. பிறகு வரவில்லை. சிவப்பு எழுத்துக்குக் கீழேயே குடங்கள் மறுபடி வரிசைகட்டின.

பள்ளிக்கூடத்து முக்கில் காவிரி லைனையும் கிழக்குத்தெரு லைனையும் இணைக்கும் பழைய வால்வு ஒன்று குழிக்குள் இருந்தது. செவந்திக்கு அது தெரியும். ஒரு காலை துருவைத் தட்டி, ஸ்பேனர் போட்டுத் திருகினாள். அரைமணி நேரம் திறந்து வைத்து மூடினாள். கிழக்குத்தெருவில் மருதாயி ஒரு வாய் குடித்துவிட்டு, குடத்தையே உற்றுப் பார்த்தாள்.

"என்னடி இது, கல்கண்டாட்டம் இருக்கு?"

ஒன்பது நாள் அப்படி ஓடியது. பத்தாம் நாள், மேலத்தெருவில் தண்ணீர் மெதுவாக வருகிறதென்று புகார் போக, கோபிநாத் பைக்கில் வந்து இறங்கினார்.

"யாரக் கேட்டுத் தெறந்த?"

"அந்தத் தண்ணியில என்ன இருக்குன்னு தெரிஞ்சும் எப்புடி சார் மோட்டாரப் போடுறது?"

"அதான் குழாயிலயே எழுதிப் போட்டிருக்கோம்ல. குடிக்கிறதும் குடிக்காததும் அவங்க இஷ்டம்." கையை நீட்டி ஸ்பேனரை வாங்கிக்கொண்டார். "ஒனக்கு வேல வேணுமா, வேணாமா?"



மறுநாள் வால்வுக் குழியை மூட கொத்தனார் ஆவுடையப்பன் வந்தார். சிமெண்டையும் ஜல்லியையும் கொட்டிவிட்டு, கிழக்குத்தெருக் குழாயில் பிடித்துவந்த தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினார்.

"இது ஆவாதுங்க. இந்த உப்புத் தண்ணிய ஊத்துனா கான்கிரீட்டு நிக்காது. காவிரித் தண்ணி கொண்டாரச் சொல்லுங்க."

மேலத்தெருவிலிருந்து நான்கு வாளி வந்தது. கலவை போட்டு, இழைத்து, மேலே சாக்கைப் போர்த்தினார். "ஏழு நாளைக்கு காலையும் சாயங்காலமும் இதே தண்ணியில நனைக்கணும். காய விட்டா வெடிச்சிரும்."

"செவந்தி பாத்துக்கும்" என்றார் கோபிநாத்.

அடுத்த நாள் காலை மோட்டாரைப் போட்டுவிட்டு, செவந்தி மேலத்தெருவில் ஒரு குடம் பிடித்து இடுப்பில் வைத்து முக்குக்கு வந்தாள். எதிரே கிழக்குத்தெருப் பெண்கள் குழாயடியில் நின்று அவளைப் பார்த்தார்கள். அவள் குடத்தைச் சாய்த்தாள். சாக்கு ஊறி, சிமெண்ட் குடித்தது போக மிஞ்சிய தண்ணீர் மண்ணில் ஓடியது. கொத்தனார் சொன்னபடி, ஓரம் காயாமல், சுற்றிலும் பார்த்துப் பார்த்து ஊற்றினாள்.