சிட்டு டீக்குப் பெயர் வந்த கதை

சிட்டு டீக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்டால், கம்பெனிக்காரர்கள் குருவிக் கதை ஒன்றை அளந்து விடுவார்கள். நம்பாதீர்கள். அந்த லேபிளை அச்சடித்தவன் நான்.

முதலில் அது ராசாத்தி டீ. மாமா ஏழு கோப்பைகளில் ஏழு கலவை வைத்தார். அக்கா ஒவ்வொன்றையும் உறிஞ்சித் துப்பிவிட்டு நாலாவதைக் காட்டினாள். எடுத்தவளின் செல்லப் பெயரையே டீக்கு வைத்துவிட்டார். பெண்டாட்டி மேல் அவ்வளவு ஆசை.

டீ சக்கைப்போடு போட்டது. பாக்கெட்டுகள் கடைகளுக்குப் போன முதல் காலையிலேயே, பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அக்கா, "இதோ வர்றேன்" என்று வாசலுக்கு ஓடினாள். வாசலில் ஈ காக்கை இல்லை. நான் கேலி செய்தேன், மடையன். வெளியூர்களுக்கும் மூட்டை போகத் தொடங்கியதும் நாளைக்கு இருநூறு முறை எழுந்தாள். கடை விடுமுறையன்று மட்டும் சும்மா உட்கார்ந்தாள். அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது: எந்தக் கடையில் யார் 'ராசாத்தி' என்று டீ கேட்டாலும் அது அவளைக் கூப்பிடுவதாகவே கேட்கிறது.

கவளம் வாய்க்குப் போகுமுன் யாராவது கூப்பிட்டுவிடுவார்கள். ஆள் துரும்பாய் இளைத்தாள். இப்படியே போனால் மாதம் தாண்டாது என்று டாக்டர் கையை விரித்தார்.

"பேரை மாத்திடலாம். வியாபாரம் போனா மயிரே போச்சு," என்றார் மாமா.

"சிட்டுன்னு வைங்க," என்றாள் அக்கா உடனே.

சிட்டு அவர்களுடைய மகள். ஐந்து வயதில் காய்ச்சலில் போனவள். பிள்ளை ஞாபகமாக இருக்கட்டும் என்று மாமா அழுதார். போனவளை யார் என்ன தொந்தரவு செய்துவிட முடியும் என்று நானும் புது அச்சுக்கட்டை செதுக்கினேன்.

அக்கா சாப்பிட்டாள், தூங்கினாள். எங்களுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

நாலாம் நாள் காலை பார்க்கப் போனேன். வாசல் கதவு விரியத் திறந்திருந்தது. அக்கா தரையில் உட்கார்ந்திருந்தாள், முகமெல்லாம் பூரிப்பு.

"மூணு வருஷமா நான் ஒருத்தி கூப்பிட்டேன், வரல. இப்போ ஊரே கூப்பிடுதுடா. வராம இருப்பாளா?"

அவள் மடியில் யாருமில்லை. ஆனால் துணி அமுங்கிக் குழிந்திருந்தது.

தெருமுனைக் கடையின் ஷட்டரைத் தூக்கும் சத்தம் கேட்டது. "அண்ணே, சிட்டு ரெண்டு பாக்கெட்!"

மடித்துணி மெல்ல எழுந்தது. அக்கா இரு கைகளாலும் காற்றைக் கட்டிப்பிடித்தாள்.

"போகாதடி, ஒரு நிமிஷம் இரும்மா..." கைகள் தளர்ந்தன. என்னைப் பார்த்தாள். "உக்காரவே முடியலடா புள்ளைக்கு. கால் வலிக்குதுன்னு அழுறா."

"வேற பேரு போட்டுடறேன்க்கா. இன்னைக்கே."

அக்கா காலி மடியைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"மாத்தினா வரவே மாட்டாளேடா," என்றாள். "வேணாம். கூப்பிடட்டும்."