சிவப்பு நூல் கட்டிய தூண்டில்

ஒசாகாவிலிருந்து வந்த அந்த இரண்டு பெண்களும் மத்தியானத்திலிருந்து என் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஜப்பானின் வடகோடி முனைக்குப் போய்ப் படம் எடுத்தாயிற்றாம். அங்கே போய் நின்றதற்குச் சான்றிதழும் வாங்கியாயிற்றாம்.

"இனிமே வக்கனாய்ல என்னம்மா பாக்கலாம்?" என்றாள் ஒருத்தி.

"காத்தப் பாக்கலாம். நடுரோட்டுல மான் நிக்கும், அதப் பாக்கலாம். மொதல்ல சாப்பிடுங்க தாயி."

எங்கள் ஊர் ஆக்டோபஸைச் சீவிக் கொடுத்தால், கொதிக்கிற கடற்பாசிச் சாற்றில் இரண்டு தடவை அலசி எள் சட்னியில் தோய்த்துத் தின்ன வேண்டும். இந்த மகராசிகள் மொத்தத்தையும் சட்டியில் கொட்டி ரப்பராக்கிக்கொண்டிருந்தார்கள். தலையில் அடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன்.

காலையில் என் தம்பி தெய்ஜி இறக்கிவிட்டுப் போன ஆக்டோபஸ் அங்கே கிடந்தது. இருபது கிலோ தேறும். வழவழப்புப் போக உப்புப் போட்டுப் பிசைந்தபோது கையில் சுருக்கென்று குத்தியது. சதைக்குள் ஒரு தூண்டில் முள். அதன் அடியில் சிவப்பு நூல் சுற்றியிருந்தது.

பீப்பாயில் தூண்டிலைக் கட்டி நீரோட்டத்தில் மிதக்கவிட்டுத்தான் இங்கே ஆக்டோபஸ் பிடிப்பார்கள். பீப்பாய்கள் ஒன்றுபோல இருக்கும், தூண்டில் கட்டுகிற நூலில்தான் ஆள் தெரியும். தெய்ஜிக்குப் பச்சை. சிவப்பு, பக்கத்துப் படகுக்காரர் குராதா அண்ணனுடையது.

ஒரு மாதமாகவே தன் பீப்பாய்க் கயிறுகளை எவனோ அறுக்கிறான் என்று அந்த மனுஷன் துறைமுகம் முழுக்கக் கத்திக்கொண்டிருந்தார். தெய்ஜி மேல்தான் சந்தேகம் என்றும் சொன்னார். நான்தான் அவரைக் கண்டபடி ஏசினேன். அடுத்தவன் பீப்பாயில் கை வைத்தது நிரூபணமானால் மீனவர் சங்கம் கடலில் இறங்கும் உரிமையையே பிடுங்கிவிடும். தெய்ஜிக்கு அந்தப் படகை விட்டால் வேறு நாதியில்லை. அம்மா போனபின் நான் ஆளாக்கிய பிள்ளை. முள்ளை ஏப்ரன் பைக்குள் போட்டேன்.

போட்டு நிமிரவில்லை, கடைக் கதவு படாரென்று திறந்தது. குராதா அண்ணன் தெய்ஜியின் சட்டையைப் பிடித்துத் தரதரவென்று உள்ளே இழுத்து வந்தார். அறுபத்திரண்டு வயது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

"திருட்டு நாயே! எம் பீப்பாய நீ தூக்குனதக் கண்ணால பாத்தேன்டா!"

"கெழவா, ஒனக்குக் கண்ணுல பொரை. ஆஸ்பத்திரிக்குப் போ!"

அவர் தெய்ஜியின் முகத்தைச் சுவரோடு அறைந்தார். மூக்கு உடைந்து ரத்தம் பொலபொலவென்று கொட்டியது. தெய்ஜி மேசைமேல் இருந்த பீர் பாட்டிலை எடுத்து அவர் காதோடு சேர்த்து அடித்தான். கண்ணாடி சிதறியது, சட்டி கவிழ்ந்தது. ஒசாகாக்காரிகள் அலறியபடி வெளியே ஓடினார்கள்.

"நிறுத்துங்கடா பாவிகளா!" என்று குறுக்கே விழுந்தேன்.

காதைப் பொத்திக்கொண்டு குராதா அண்ணன் என்னைப் பார்த்தார். விரலிடுக்கில் ரத்தம் வழிந்தது. "இவன் கொண்டாந்த ஆக்டோபஸச் சுத்தம் பண்ணது நீதான சுமியே? செவப்பு நூலு இருந்துச்சா, இல்லையா? நீ இல்லேன்னு சொல்லு, நான் நம்புறேன்."

தெய்ஜி என்னையே பார்த்தான்.

"இல்லண்ணே" என்றேன்.

அவர் முகம் செத்துவிட்டது. அந்தக் கண்ணாடித் துண்டுகள்மேலேயே மண்டியிட்டார். இரண்டு கைகளையும் தரையில் ஊன்றி, நெற்றி தரையில் படக் குனிந்தார். "தப்பாச் சொல்லிட்டேன் தெய்ஜி. மன்னிச்சிரு."

அதோடு முடிந்திருக்க வேண்டும். தெய்ஜி ஒரு எட்டு வைத்து, பூட்ஸ் காலால் அந்தக் குனிந்த முகத்தில் எட்டி உதைத்தான். பல் தெறித்தது.

"திருடன்னா சொன்ன? இப்பச் சொல்றா!"

மறுபடி உதைத்தான். மறுபடியும். மன்னிப்புக் கேட்டுக் குனிந்தவர் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. தரையை அழுத்திப் பிடித்தபடி உதையை வாங்கிக்கொண்டிருந்தார்.

"விடுடா! செத்துருவாருடா!"

"நீ சும்மா இரு அக்கா. இன்னையோட இவன் வாய அடைக்கணும்." அடுப்படி மேடைமேல் இருந்த கத்தியை எடுத்தான்.

சீவுவதற்காக வெளியே எடுத்து வைத்திருந்த உறைந்த ஆக்டோபஸ் கை என் பக்கத்தில் கிடந்தது. விறகுக் கட்டை மாதிரி கனம். அதைத் தூக்கி அவன் மணிக்கட்டில் ஓங்கி அடித்தேன். எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. கத்தி விழுந்தபின்னும் இன்னொரு தடவை அடித்தேன். ஆத்திரம் அடங்கவில்லை.

"அக்கா! என் கை!" என்று சுருண்டு விழுந்தான். கயிறு இழுக்கிற கை. இனி அது கயிறு இழுக்காது. அடிக்கும்போதே எனக்குத் தெரியும்.

பையிலிருந்த முள்ளை எடுத்துக் குராதா அண்ணன் முன்னால் வைத்தேன். வீங்கிப்போகாத ஒற்றைக் கண்ணால் அந்தச் சிவப்பு நூலை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

ஆம்புலன்ஸுக்கு போன் போட்டேன். இரண்டு பேருக்கு அடி, சீக்கிரம் வாருங்கள் என்றேன்.

"யாரும்மா அடிச்சது?" என்று கேட்டான் அந்தப் பக்கம் இருந்தவன்.

"ரெண்டு பேரையும் நான்தான்" என்றேன்.