நூற்றில் ஆறு பேர்

அலுவலகத்தில் அவளுக்குச் சல்லடை என்று பெயர். புதுக் கிருமி வந்த நாளிலிருந்து அவள் செய்வது சலிக்கிற வேலைதான். கிருமியின் புரதத்தைக் கணினியில் ஆயிரக்கணக்கான துண்டுகளாக வெட்டிப் போட்டு, எதைக் காட்டினால் மனித உடம்பு விழித்துக்கொண்டு சண்டைக்குக் கிளம்பும் என்று கணக்குப் போட வேண்டும். தேறிய துண்டுகளைச் சங்கிலியாகக் கோத்தால் தடுப்பூசி. சொல்வதற்குச் சுலபம்; செய்வதற்குள் நாக்குத் தள்ளிவிடும்.

இதில் ஒரு வம்பு உண்டு. எல்லா உடம்பும் எல்லாத் துண்டையும் அடையாளம் காணாது. அது அவரவர் திசு வகையைப் பொறுத்தது. சங்கிலியும் ஓரளவுக்கு மேல் நீளக் கூடாது. ஆகவே, அதிகம் பேருக்குப் பலிக்கிற துண்டுகளாகப் பொறுக்க வேண்டும். அவள் பொறுக்கியது நூற்றில் தொண்ணூற்று நான்கு பேருக்குப் பலிக்கும் என்றது கணினி. எதற்கும் முகம் மலராத தலைவரே அன்று பல் தெரியச் சிரித்தார்.

"சாயங்காலமே அனுப்பிடலாம். ஆய்வகத்துல காத்துக்கிட்டு இருக்காங்க."

அனுப்புமுன் யாராவது ஒருவரின் திசு வகையைப் போட்டுப் பார்ப்பது அங்கே வழக்கம். அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது அண்ணனுடையது. சிறுநீரகம் இரண்டும் பழுதாகி அவன் படுத்தபோது வீட்டில் எல்லோரையும் சோதித்தார்கள். நான்தான் கொடுப்பேன் என்று அண்ணி ஒற்றைக் காலில் நின்றாள். பொருந்தவில்லை. தங்கைக்காரியான அவளுக்குத்தான் அச்சு அசலாகப் பொருந்தியது, ஒன்றைக் கொடுத்துவிட்டாள்.

அண்ணனின் வகையைப் போட்டாள். ஒரு துண்டுகூடத் தேறவில்லை. எண்களைச் சரிபார்த்து மறுபடி போட்டாள். அதே கதை.

அவனோ மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு உதறிவிடாமலிருக்க அன்றாடம் மாத்திரை விழுங்குகிறவன். கிருமி தொற்றினால் தாங்க மாட்டான். அவனுக்குப் பலிக்கிற துண்டு ஒன்று இருந்தது. இன்னொன்றை எடுத்துவிட்டு அதைக் கோத்தாள். அண்ணன் கணக்குக்குள் வந்தான். தொண்ணூற்று நான்கு, எண்பத்தெட்டாக இறங்கியது.

தலைவர் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"எண்பத்தெட்டும் மோசமில்ல. யாரும் கேக்கப் போறதில்ல. உன் இஷ்டம்."

கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கலாம், பாவி மனிதர்! பழியைத் தூக்கி அவர் தலையில் போட்டுவிட்டு நிம்மதியாக அழுதிருப்பாள். அவரோ காபி குடிக்கப் போய்விட்டார்.

அவள் ஒரு எண்ணிலிருந்து மற்றதைக் கழித்துப் பார்த்தாள்: நூற்றில் ஆறு பேர். பிறகு அண்ணனின் துண்டை எடுத்துவிட்டு, பழையதைத் திரும்பக் கோத்து அனுப்பினாள்.

அலுவலகம் விட்டதும் நேரே அண்ணன் வீட்டுக்குப் போனாள். போனில் சொல்கிற விஷயமா அது? ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். அண்ணன் தாடையைத் தடவிக்கொண்டு கேட்டான்.

"சரி விடு குட்டி. உனக்கும் எனக்கும் ஒரே வகைதானே? அப்ப உனக்கு?"

"எனக்கும் வேலை செய்யாது."

"நல்லா இருக்கு போ. சமைக்கிறவளுக்கே சோறு இல்லையா!" என்று சிரித்தான்.

அண்ணி சிரிக்கவில்லை.

"அன்னிக்குக் கிட்னியே குடுத்த. இன்னிக்கு ஒரு துண்டு சேக்க உனக்கு மனசு வரலியா?"

"கிட்னி என்னுது அண்ணி, குடுத்தேன். இது என்னுது இல்லியே."

அண்ணி எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். பாத்திரங்கள் உருண்டன. அண்ணன் தங்கையைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தான். இந்த வீட்டு வாசல் இனி நமக்கில்லை என்றே நினைத்து அவள் பையை எடுத்தாள்.

அண்ணி ஈரக் கையோடு திரும்பி வந்தாள்.

"எனக்கும் பசங்களுக்கும் வேலை செய்யுமா?"

அன்று சோதித்த அண்ணியின் எண்களும் அவளுக்கு நினைவிருந்தன. பிள்ளைகள் பாதி அம்மா வகை. "செய்யும் அண்ணி. மூணு பேருக்கும்."

"பொருந்தலைன்னு அன்னிக்கு ஆஸ்பத்திரி படியில உக்காந்து எப்படி அழுதேன்! இப்ப அதுதான் உதவுது பாரு." ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். "ஊசி வந்ததும் நாங்க மூணு பேரும் போட்டுக்குறோம். வெளி வேலையெல்லாம் நாங்க பாத்துக்குறோம். இவர் உள்ளயே இருக்கட்டும்."

தங்கைக்காரி தலையாட்டிவிட்டுச் செருப்பை மாட்டப் போனாள்.

"எங்கடி போற?" அண்ணி அவள் கையிலிருந்த பையைப் பிடுங்கினாள். "உனக்கும் சேத்துத்தான் சொன்னேன்."