ஆக்சிலில் வண்டி மசை

மாப்பிள்ளை அருண்குமார் தன் மாருதியை மாமனார் தோட்டத்தில் விட்டுப்போனது பிரவீனாவுக்காகத்தான். ஏழாம் மாதம் கட்டுச்சோறு ஆக்கி மகளைப் பிரசவத்துக்கு அழைத்து வந்திருந்தார் ஆறுச்சாமி. காங்கேயத்துக்குத் தெற்கே காட்டுக்குள் இருந்த தோட்டம். பொழுது சாய்ந்தால் பஸ் கிடையாது.

"ஜீப்பு ஓட்டுன கைதானுங்களே மாமா, இது வெண்ணெயாட்டம் போகும்" என்று சாவியைக் கொடுத்துவிட்டு, பஸ் ஏறிக் கோயமுத்தூர் போனான்.

அந்தக் காரில் ஆறுச்சாமி புண்ணாக்கு மூட்டை ஏற்றினார். மாட்டு வண்டி சக்கரம் பட்டை கழன்று ஆசாரியிடம் கிடந்தது, மாடுகள் காத்திருக்குமா? எண்ணெய் மில்லில் வாங்கிய மூட்டைகளைப் பின் சீட்டில் அடுக்கி, இருபுறமும் வேலி அடைத்த இட்டேரி மண்தடம் வழியாக ஓட்டி வந்தார். பாரத்தில் கார் மண்ணை உரசிக்கொண்டு வந்தது. வெட்டிவிட்ட வேலாமரத்தின் அடிக்கட்டை ஒன்று அடியில் எதையோ கிழித்தது.

படுத்துப் பார்த்தார். இஞ்சினிலிருந்து முன் சக்கரத்தைச் சுழற்ற வருகிற தண்டின் முனையில் ஒரு மூட்டு. அதை மூடியிருந்த ரப்பர் உறை வாய் பிளந்து, கிரீஸ் சக்கரமெல்லாம் தெறித்திருந்தது.

காங்கேயத்தில் பட்டறைகள் இருந்தன. போனால் எப்படிக் கிழிந்தது என்று கேட்பார்கள். சொன்னால் நாலு வாய் மாறிச் சம்பந்தி வீட்டுக்குப் போகும். 'ஒண்ணும் வேண்டாமுங்க, பொண்ணக் குடுங்க போதும்' என்று கட்டிக்கொண்டு போனவர்கள் அவர்கள். அந்த வீட்டில், உங்கப்பன் காரை மாட்டு வண்டி ஆக்கிப்போட்டாரே என்று பிரவீனா ஒரு சொல் கேட்கக்கூடாது.

அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். வைக்கோலைச் சுட்ட கரியை விளக்கெண்ணெயில் குழைத்த மசை. சிறுவயதிலிருந்து வண்டி அச்சுக்குப் போட்டு வந்தது. அச்சு எதுவானால் என்ன என்று நினைத்தார். பண்ணையத்து ஆள் நஞ்சான் டார்ச் பிடிக்க, காருக்கு அடியில் புகுந்து மசையை அள்ளி அப்பி, கிழிசல்மேல் சைக்கிள் டியூபைச் சுற்றி நைலான் கயிறு போட்டு இறுக்கினார். மூட்டுக்குள் ஏறியிருந்த மண்ணைத் துடைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

கொஞ்ச நாளில், ஸ்டியரிங்கைத் திருப்பினால் டக்டக்கென்று சத்தம் வந்தது. அமாவாசைக்கு வந்த அருண்குமார் காரை எடுத்தவன், கேட் தாண்டும் முன்பே கண்டுபிடித்துவிட்டான்.

"மாமா, சக்கரத்து மூட்டுல சத்தமுங்க. அந்த ரப்பர் மாசியிலதானுங்க புதுசா மாத்துனது. மெக்கானிக் ரசாக்கக் கேட்டுப்போடலாம், நீங்களும் வாங்க."

வரமுடியாது என்று சொல்ல ஆறுச்சாமிக்குக் காரணம் கிடைக்கவில்லை.

கோயமுத்தூரில் உக்கடத்துச் சந்துக்குள் இருந்தது ரசாக்கின் பட்டறை. அருண்குமார் குடும்பத்து ஸ்பின்னிங் மில் வண்டிகள் எல்லாம் அங்கேதான் வரும். காரைத் தூக்கி நிறுத்திச் சக்கரத்தைக் கழற்றிய ரசாக் குனிந்து பார்த்தான். கயிற்றை அறுத்தான். டியூபை உரித்தான். விரலால் ஒரு கருப்புக் கட்டியை எடுத்து முகர்ந்தான்.

"ஏனுங்க சார், இது மாருதியா மாட்டு வண்டியா? கொம்புக்குப் பெயிண்டு அடிக்காம உட்டுட்டீங்க?"

பட்டறையே சிரித்தது. வெல்டிங் போட்டுக்கொண்டிருந்தவன் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, "விளக்கெண்ணெ வாசம் இங்க வரைக்கும் வருது பாய்! வண்டிக்கு வயித்துக்கடுப்பா?" என்றான்.

அருண்குமார் சிரிக்கவில்லை. "ரப்பர் மாத்துனது நீங்கதான? என் வண்டியில வேற எவன் கை வெச்சான்? இப்படித்தான் மில்லு வண்டியெல்லாம் பாக்கறீங்களா?"

ரசாக்கின் முகம் மாறியது. "சார், இருவது வருசமா தொழில் பண்றேன். எங்கடையில எவனுக்குச் சார் வைக்கோல் கரி தெரியும்?"

"அப்ப எங்கூட்டுல பண்ணுனாங்கன்னு சொல்றீங்களா? இனி ஒரு வண்டி இங்க வராதுங்க, சொல்லிப்போட்டேன்."

ரசாக் தண்டை உருவி எடுத்து, வைஸில் கவ்வவிட்டுச் சுத்தியலால் மூட்டைத் தட்டிக் கழற்றினான். உள்ளே இருந்த இரும்புக் குண்டுகள் சொரசொரத்து, அவை ஓடுகிற பள்ளங்கள் அரித்திருந்தன. தட்டிய சுத்தியல் இரண்டு முறை குறி தவறி வைஸில் விழுந்ததை ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஆறுச்சாமி பார்த்தார். 'நான்தான்' என்று சொல்லத்தான் வாயெடுத்தார். வெளியே வந்தது வேறு.

"மாப்பளை, அவரை ஒண்ணும் சொல்லாதீங்க. எங்க நஞ்சான் பண்ணிப்போட்டானுங்க. எனக்குத் தெரியாம."

அருண்குமார் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். ரசாக்கிடம் மன்னிப்புக் கேட்டான். ரசாக் ஆறுச்சாமியிடம், "ஆளுகள வண்டிகிட்ட உடாதீங்க கவுண்டரே" என்று மட்டும் சொன்னான். மதியத்துக்குள் புது மூட்டும் புது உறையும் ஏறின. சத்தம் போய்விட்டது.

அடுத்த ஞாயிறு அருண்குமார் பிரவீனாவைப் பார்க்க வந்தான். கட்டுத்தறியில் சாணம் வழித்துக்கொண்டிருந்த நஞ்சானைக் கண்டதும் நின்றான். பக்கத்தில் பிரவீனா. ஆறுச்சாமி வாசலில் இளநீர் சீவிக்கொண்டிருந்தார்.

"ஏப்பா, தெரியாத வண்டியில எதுக்குக் கை வெச்சே? ரோட்டுல போகையில சக்கரம் நின்னிருந்தா என்னாகும்?"

நஞ்சான் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு விழித்தான்.

"நானுங்களா? நான் டார்ச்சு லைட்டுத்தானுங்க புடிச்சேன். நம்ம பண்ணாடிதானுங்க அடியில பூந்து கட்டுனாரு! புண்ணாக்கு மூட்டை ஏத்தியாந்த அன்னைக்கு." பிறகு ஆறுச்சாமியைக் கைகாட்டி உற்சாகமாக, "முதுகெல்லாம் சேறுங்க அவருக்கு. நாந்தானுங்க தண்ணி ஊத்தி உட்டேன்" என்றான்.

அரிவாள் இளநீர்க் காயிலேயே நின்றது.

அருண்குமார் மாமனார் பக்கம் திரும்பவே இல்லை. "செரி, உடு நஞ்சா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். பிரவீனா நின்றாள்.

"ஏனுங்கப்பா, ஒடைஞ்சுபோச்சுன்னு சொல்லியிருந்தா அவரு ஒரு வார்த்தை கேட்டிருப்பாருங்களா? நஞ்சான் மேலயா சொல்லுவீங்க?"

அவர் அரிவாளைக் காயிலிருந்து பிடுங்கினார். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படியேறினாள். உள்ளே இருவரும் தணிந்த குரலில் பேசினார்கள். சாப்பிடும்போது அருண்குமார், "வண்டி இங்கியே இருக்கட்டுங்க மாமா. இனி ஓட்டறதுக்கு எங்க மில்லு டிரைவர அனுப்பறேனுங்க" என்றான். எப்போதும் போல ஒவ்வொரு சொல்லுக்கும் மரியாதை வைத்துத்தான் பேசினான். ஆறுச்சாமி பாதிச் சோற்றிலேயே எழுந்துகொண்டார்.

கை கழுவ வெளியே வந்தபோது நஞ்சான் தண்ணீர்த் தொட்டி ஓரம் காத்திருந்தான்.

"பண்ணாடி, நான் எதாச்சும் தப்பாப் பேசிப்போட்டனுங்களா? மாப்பளை மூஞ்சி ஒரு மாதிரி ஆயிருச்சுங்க."

ஆறுச்சாமி சொம்பைக் கீழே வைத்தார். அவனுடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"மாட்டுக்குத் தண்ணி காட்டுனியா?"

"அப்பவே காட்டிப்போட்டனுங்க."

"சோளத்தட்டு அறுத்துப் போட்டியா?"

"போட்டாச்சுங்க."

அவனை அனுப்பிவிட வேறு வேலை எதுவும் அவருக்குத் தோன்றவில்லை. நஞ்சான் பதிலுக்காக அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.