அன்புடன் மறுக்கிறோம்

ஃபிரிட்ஜ் கம்பெனியின் புகார்ப் பிரிவில் உட்கார்ந்து, "தங்கள் கோரிக்கை ஏற்கப்படவில்லை" என்ற ஒரே வரியை வருடக்கணக்கில் தட்டிக்கொண்டிருந்தவர், திடீரென்று வேலையை விட்டுவிட்டுச் சுதந்திர எழுத்தாளர் ஆனார். சாப்பாட்டு மேசையில் பாதி அவருடைய அலுவலகம். மீதிப் பாதியில் மனைவி காய் நறுக்குவாள். இணையத்தில் தனக்கென ஒரு பக்கம் திறந்து, கன்னத்தில் கைவைத்த படத்துக்குக் கீழே, "நான் வார்த்தைகளை எழுதுவதில்லை, மனிதர்களை எழுதுகிறேன்" என்று போட்டுக்கொண்டார்.

"வாசல்ல சிலிண்டர்காரர் வந்து நிக்கிறார். முதல்ல அந்த மனுஷனைக் கவனிங்க" என்றாள் மனைவி.

முதல் வாடிக்கையாளராக வந்தது அவர் உதறிவிட்டு வந்த அதே கம்பெனி. மறுப்புக் கடிதங்கள் மொட்டையாக இருக்கின்றன, வாங்கியவர்கள் கொதிக்கிறார்கள், கொஞ்சம் ஈரம் வேண்டும் என்றார் மேலாளர். இவர் உருகி உருகி எழுதினார். 'ஒரு ஃபிரிட்ஜ் நின்றுபோனால் ஒரு வீடே தவித்துப்போகும் என்பதை அறிவோம். உங்கள் தவிப்பு எங்கள் தவிப்பு. எங்கள் மனம் உங்களோடு இருக்கிறது.' மறுப்பு மட்டும் கடைசிப் பத்தியில், 'சூழ்நிலை அனுமதிக்கும் எல்லைக்குள்' என்ற போர்வைக்குள் சுருண்டு படுத்திருந்தது.

இரண்டு மாதம் கழித்து அக்கா போன் செய்தாள்.

"தம்பி, எங்க ஃபிரிட்ஜ் படுத்துடுச்சுன்னு கம்பெனிக்கு எழுதினேன்ல? எவ்ளோ தங்கமான மனுஷங்கடா! லெட்டரைப் படிச்சு எனக்கு அழுகையே வந்துடுச்சு. மெக்கானிக் எப்போ வருவான்னுதான் போடல. ஒரு மாசத்துக்கு மேல வீட்டை விட்டு நகராம காத்துட்டிருக்கேன்."

இவர் போனை வைத்துவிட்டு நேரே மேலாளரிடம் ஓடினார்.

"சார், மறுத்துட்டோம்னே ஜனங்களுக்குப் புரியல. ஆள் வரும்னு உக்காந்திருக்காங்க."

"தெரியுமே!" மேலாளருக்கு முகமெல்லாம் பல். "ஒரு மாசத்துக்குள்ள மறுபடி கேக்கலைன்னா புகாரை மூடிடுவோம். இப்போ யாருமே கேக்கறதில்ல. போன வாரம் ஒரு அம்மா நன்றி சொல்லிட்டுப் போனாங்க. உங்க எழுத்துல என்னமோ இருக்கு சார்!"

நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கத்தான் இவர் வாயைத் திறந்தார். அதற்குள் 'உங்க எழுத்துல' என்ற சொல் காதில் தேனாக இறங்கிவிட்டது. ஆட்களை வேலையை விட்டு அனுப்பும் கடிதங்களையும் நீங்களே எழுத வேண்டும் என்றார் மேலாளர். தலை தானாக ஆடியது.

மாலையில் அக்கா வீட்டுக்குப் போனார். ஃபிரிட்ஜ் வாயைப் பிளந்து நின்றது; அடியில் பழைய துணி, திரிந்த பாலின் வாடை.

"கம்பெனியில உனக்குத்தான் எல்லாரையும் தெரியுமே. வருவாங்களா, மாட்டாங்களா? ஒரே வார்த்தையில சொல்லு."

'மாட்டாங்க' என்று சொல்லத்தான் நினைத்தார்.

"அக்கா... உன் தவிப்பு என் தவிப்பு. என் மனசு உன்கூடத்தான்..."

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். மேசையில் கிடந்த கடிதத்தைப் பார்த்தாள்.

"அடப்பாவி! நீயா?"

தண்ணீர்கூடக் கொடுக்காமல் அனுப்பிவைத்தாள். அதன்பிறகு போனையும் எடுக்கவில்லை. இவர் இரண்டு நாள் உட்கார்ந்து, அடித்துத் திருத்தி, கண்கலங்க ஒரு நீண்ட செய்தி எழுதி அனுப்பினார்.

உடனே பதில் வந்தது: "இதுல மன்னிப்பு எந்த வரியிலடா இருக்கு?"

அவரும் தேடிப் பார்த்தார்.