கடன் பிரிவு ஆபீசரின் நாற்காலி

கோத்தா ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் வெனிங் அப்பாவின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். பழுப்பு நிற பாத்திக் சட்டை. கல்யாண வீடுகளுக்கு மட்டும் பெட்டியிலிருந்து எடுப்பார்.

"அப்பா, அதிகமா பேச வேண்டாம். அவங்க கேட்டா பேங்குல இருந்தேன்னு மட்டும் சொல்லுங்க."

"வேற எங்க இருந்தேன்?" என்று சிரித்தார் அப்பா பாக் மர்யோனோ.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கட்டிக்கொள்ளப் போகும் தனுவின் அம்மா இபு லாஸ்த்ரி அவளை முதன்முதலாகப் பார்த்த அன்று, "உங்கப்பா என்ன வேலை பார்த்தார்?" என்று கேட்டிருந்தார். "பேங்குல, கடன் பிரிவு ஆபீசர்" என்று வாயில் வந்துவிட்டது. அந்தப் பிரிவுக்கு முப்பத்தோரு வருஷம் டீ கொண்டுபோய்க் கொடுத்தவர் அப்பா. அவள் சொன்ன பொய் அவருக்குத் தெரியாது. அடுத்த மாதம் முறைப்படி பெண் கேட்டு வருவதற்கு முன், சம்பந்தி வேலை பார்த்த இடத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று இபு லாஸ்த்ரி கிளம்பிவிட்டார். அந்தப் பழைய வங்கிக் கட்டடம் இப்போது அருங்காட்சியகம். யார் வேண்டுமானாலும் போகலாம். தட்டிக்கழிக்க வெனிங்குக்கு ஒரு சாக்கும் அகப்படவில்லை.

இபு லாஸ்த்ரி கால்வாய்ப் பாலத்தருகே குடையோடு நின்றிருந்தார். கரை நெடுக வங்கிகள், கப்பல் கம்பெனிகள், காப்பீட்டு அலுவலகங்கள். பாதிக்கு மேல் பூட்டு. ஒன்றின் மாடிச் சுவரில் ஆலங்கன்று முளைத்திருந்தது.

"எல்லா பேங்கும் தெற்குப் பக்கம் கண்ணாடி மாடிக்குப் போயிடுச்சு. உங்க காலத்துல இங்க கூட்டம் அள்ளியிருக்குமே, சம்பந்தி?"

"காலைல எட்டு மணிக்கு இந்தப் பாலத்துல சைக்கிள் நுழையாதும்மா. தரகருங்க, மாலுமிங்க, சீனக் கடைக்காரங்க. பத்து மணிக்கு மேலதான் மூச்சு விடலாம்."

"பாரு வெனிங், உங்கப்பா எவ்வளவு அழகா பேசுறார்! நீதான் வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடும்னு இருக்கே."

வெனிங் தலையைக் குனிந்துகொண்டாள்.

உள்ளே குளிர்ந்த பளிங்குத் தரை. உயரத்தில் வண்ணக் கண்ணாடி ஜன்னல். பித்தளைக் கம்பி போட்ட கவுண்டர்களுக்குப் பின்னால், அந்தக் கால உடுப்பில் ஆளுயரப் பொம்மைகளை உட்கார வைத்திருந்தார்கள். கடன் பிரிவில் கண்ணாடி போட்ட ஆபீசர் பொம்மை ஒன்று பேனா பிடித்திருந்தது. அடுத்த கூடத்துக்குப் போக அதன் மேஜையைத் தாண்ட வேண்டும்.

பாக் மர்யோனோ முன்னால் நடந்தார். மேஜையருகே வந்ததும் இடுப்பை நன்றாக வளைத்து, வலது கையைத் தரையை நோக்கி நீட்டி, "உத்தரவுங்க ஐயா" என்று முணுமுணுத்தபடி பொம்மையைக் கடந்தார்.

படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு ஜோடி சிரித்துவிட்டது. "ஏய், பொம்மைகிட்ட வழி கேக்குறார் பாரு!"

"பழக்க தோஷம்" என்று அவரும் சேர்ந்து சிரித்தார்.

பெரியவர்கள் முன்னால் குனிந்து போகாத ஜாவாக்காரர் யார்? இபு லாஸ்த்ரியும் அப்படித்தான் போவார். ஆனால் அப்பாவின் இடது கை தோளுக்கு நேரே உயர்ந்து, இல்லாத ஒரு தட்டை ஏந்தியபடி இருந்தது. நிமிர்ந்த பிறகும் அதை இறக்க அவர் மறந்துபோயிருந்தார். இபு லாஸ்த்ரி அந்தக் கையையே பார்த்தார்.

"இதுல உங்க நாற்காலி எது, சம்பந்தி?"

"நாற்காலியா?"

"ஆபீசர் நாற்காலி. வெனிங் சொன்னாளே."

அப்பா அவளைத் திரும்பிப் பார்த்தார். ஒரே பார்வைதான். பிறகு, படம் எடுத்துக்கொள்பவர்களுக்காகப் போட்டிருந்த காலி நாற்காலியைக் காட்டினார். "இந்தா... இதுதாம்மா."

"உட்காருங்க. வெனிங், ஒரு படம் எடு."

நாற்காலியின் நுனியில், விரட்டினால் எழுந்துகொள்ளத் தயாராக இருப்பவர் போல அவர் உட்கார்ந்தார். கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. முழங்காலில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். அவளுக்காகச் சிரித்தார். கைப்பேசித் திரையில் அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் வெனிங்கின் முகம் தீயாகச் சுட்டது.

"அப்பா, எந்திரிங்க. இபு, அப்பா இங்க டீ கொடுக்குற வேலை பார்த்தார். ஆபீசர்னு சொன்னது நான். அவருக்கு ஒண்ணுமே தெரியாது."

இபு லாஸ்த்ரி குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"டீ கொடுத்தா என்ன? எங்கப்பா துறைமுகத்துல மூட்டை தூக்கினவர். பெத்த அப்பாவையே மாத்திச் சொன்னவ, நாளைக்கு என்னை என்னன்னு சொல்லுவே?"

வெனிங் கைப்பேசியைப் பைக்குள் போட்டாள்.

"தனுகிட்ட நான் பேசிக்கறேன்" என்றார். பாக் மர்யோனோவிடம் மட்டும் கைகூப்பி, "வரேங்க" என்று விடைபெற்றார். சம்பந்தி என்ற சொல் இப்போது வரவில்லை.

அப்பாவும் மகளும் பாலத்துக்கு வந்தார்கள். அங்கே அப்பா நின்றார்.

"ஏம்மா, எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?"

"மன்னிச்சிருங்கப்பா."

"அதுக்கில்ல கண்ணு. சொல்லியிருந்தா ஜமாய்ச்சிருப்பேன். முப்பத்தோரு வருஷமா அவங்களைத்தானே பார்த்துட்டிருந்தேன்? எப்படி உட்காருவாங்க, எப்படி பேனா எடுப்பாங்க, எல்லாம் எனக்கு அத்துப்படி."

வெயிலில் நின்றபடி, இல்லாத நாற்காலியில் சாய்வது போல மார்பை நிமிர்த்தி, விரலால் காற்றில் இரண்டு தட்டுத் தட்டி, பெரிதாக ஒரு கையெழுத்துப் போட்டுக் காட்டினார்.

"சரியா இருக்கா?" என்றார்.

வெனிங்கால் அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.