தோணியில் வெட்டிய ஒல்லாந்து எழுத்து

அந்த எழுத்தைப் பார்த்திருந்தால் உங்களுக்கும் கை துறுதுறுத்திருக்கும். இறங்கும் கோடு தடியாக இருக்கும், ஏறும் கோடு முடி மாதிரி மெல்லிசாகப் போகும், கடைசியில் வால் விலாங்கு மாதிரிச் சுருண்டு அடுத்த எழுத்தின் கழுத்தைப் பிடிக்கும். பழவேற்காட்டுக் கோட்டையில் இருக்கும் வெள்ளைக்கார ஒல்லாந்தர்களுக்குக் கல்லறைக் கல் வெட்டுவது என் வேலை. காகிதத்தில் அவர்கள் எழுதித் தருவதை அப்படியே கல்லில் இறக்குவேன். அவர்கள் எழுத்தைப் படிக்க எனக்குத் தெரியாது.

செத்தவர் யாராக இருந்தாலும் முதல் வரி மட்டும் மாறாது. நாம் எதை எழுதினாலும் உச்சியில் பிள்ளையார் சுழி போடுகிறோமே, அது மாதிரி அவர்கள் சாமி பெயர் என்று நானே முடிவு பண்ணிக்கொண்டேன். அதனால்தான் அண்ணன் வேணு புதுத் தோணி கட்டியதும் அதன் முகப்புப் பலகையில் அந்த வரியை வெட்டினேன். மரத்தில் வால்கள் இன்னும் அழகாகச் சுழன்றன. குப்பமே வந்து பார்த்தது. தன் தோணிக்கும் வேண்டுமென்று பெரியசாமி ஒரு பலகையைப் பட்டறையில் போட்டுவிட்டுப் போனார்.

அதை வெட்டிக்கொண்டிருந்தபோது ஒல்லாந்தர் பேச்சை நமக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் கோட்டைத் துபாசி ஞானதாஸ் உள்ளே வந்தார்.

"யார் செத்தது? மரத்துல வெட்டுற?"

"சாவு இல்லைங்க, தோணிக்கு. எங்கண்ணன் தோணில ஏற்கனவே வெட்டியாச்சு."

"இன்னான்னு நெனச்சு வெட்டுன?"

"ஒல்லாந்தர் சாமி பேருன்னு."

அவர் சிரிக்கவில்லை. "இங்கே அடக்கம் பண்ணியிருக்குன்னு எழுதியிருக்கு. யாருன்றது அதுக்கு அடியில வரும். ஒங்கண்ணன் தோணில அடியில இன்னா இருக்கு?"

"வெறும் பலகை."

"அந்த மட்டுக்கும் நல்லது. போய்ச் சீவி எடுத்துடு."

உளியோடு கரைக்கு ஓடினேன். வாடைக் காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. அண்ணனும் ஆட்களும் தோணியை முட்டளவுத் தண்ணீருக்குத் தள்ளியிருந்தார்கள்.

"நில்லுண்ணா. அந்த எழுத்த எடுக்கணும்."

"எடுக்கிறதா? நீயே வந்து பாரு. நேத்து ஒங்க பட்டறை கோதண்டத்த வுட்டு வெட்டவெச்சேன்."

வரிக்கு அடியில், நம் எழுத்தில், வேணு. அதே தடிப்பு, அதே மெலிவு, அதே வால்.

"அண்ணா, அது கல்லறை வரி. துபாசி படிச்சுச் சொன்னாரு. இங்க அடக்கம்னு போட்டு, அடியில ஒம் பேரு."

"துபாசிக்கு மீனு குடுக்கலன்னு பயமுறுத்துறாரு," என்றான் தோணியிலிருந்த தனக்கோடி. எல்லோரும் சிரித்தார்கள்.

"அதெல்லாம் இல்ல. கோதண்டம் வெட்டுனது இவனோடத விட நல்லா கீது. வயித்தெரிச்சல்," என்றான் அண்ணன்.

நான் பலகையைப் பிடித்து உளியை வைத்தேன். அண்ணன் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான்.

"புது மரத்துல காயம் பண்ணாத. காத்து எகிறிக்கினு கீது, வுடு."

தோணி போனது. முகத்துவாரத்தில் ஒரு அலை அதைப் பக்கவாட்டில் திருப்பியது. கரையில் நின்றபடியே அண்ணன் பெயரை என்னால் படிக்க முடிந்தது. அடுத்த அலை வரைக்கும்.